கங்காணியும் விசாரிப்பும்: ஒரு கிரேக்கச் சொல்லின் கதை

‘கங்காணி’ என்றால் நம் மக்களுக்கு என்ன நினைவுக்கு வரும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. விடியலில் தப்பு அடித்து ஆள் கூட்டி, பெரட்டுக் களத்தில் தலை எண்ணியவர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் காசு பார்த்தவர். ஊரில் முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றி, அந்தக் கடனையே காலில் பூட்டியவர். இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் போன குடும்பங்களின் நினைவில் அது அச்சமும் வெறுப்பும் கலந்த சொல். தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் அடுத்தவர் வேலையை அளந்துகொண்டு நிற்பவரை இன்றைக்கும் ‘கங்காணி வேலை பார்க்கிறார்’ என்றுதான் கேலி பேசுகிறோம்.

இந்தச் சொல்தான் தமிழ் வேதாகமத்தில் பிஷப்புக்கு நிற்கிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழு மொழிபெயர்த்து 1871-ல் முழுமையாக வெளிவந்த பதிப்பைத்தான் சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் இன்றும் வாசிக்கின்றன. அதில் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள், கண்காணிகள் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசுவின் மூப்பர்களிடம் பேசும்போது இருக்கிறார்கள். 1 தீமோத்தேயு 3-ல் கண்காணியின் தகுதிகள் பட்டியலாகவே வருகின்றன. இன்னும் ஒரு படி மேலே, 1 பேதுரு 2-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் கிறிஸ்துவே ஆத்துமாக்களின் கண்காணி ஆகிவிடுகிறார்.

சேரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு கிறிஸ்தவத் தொழிலாளி, வாரத்தில் ஆறு நாள் கங்காணியின் வசவைக் கேட்டுவிட்டு ஏழாம் நாள் கோயிலில் கிறிஸ்துவைக் கண்காணி என்று கேட்டபோது என்ன நினைத்திருப்பார்? எழுதி வைக்க அவருக்கு வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிரேக்க மூலத்துக்குப் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் தவறாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது அங்கே போனால்தான் தெரியும்.

கிரேக்கத்தில் அந்தச் சொல் எபிஸ்கொப்பொஸ். ‘எபி’ என்றால் மேல், ‘ஸ்கொப்’ என்றால் பார்வை. மேலே நின்று பார்ப்பவர். அவர் செய்யும் வேலை எபிஸ்கொப்பே. இதன் கூடப் பிறந்த வினைச்சொல் எபிஸ்கெப்தொமாய்: போய்ப் பார்த்தல், கவனித்தல், நலம் விசாரித்தல், தேர்ந்தெடுத்தல். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் இடையில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

திருச்சபை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது. ஹோமரின் இலியத்தில் எதிரி முகாமை வேவு பார்க்கப் போகிறவன் எபிஸ்கொப்பொஸ். ஒடிசியில் சரக்குக்குக் காவல் நிற்கும் வியாபாரி எபிஸ்கொப்பொஸ்; அங்கே அது ஒருவரைக் கேலி செய்யச் சொல்லப்படுகிறது. ஆனால் அதே இலியத்தின் கடைசிப் பகுதியில், கொல்லப்பட்ட ஹெக்டரின் உடலைப் பார்த்து அவன் மனைவி அந்த்ரோமக்கே அழும்போதும் இந்தச் சொல் வருகிறது. ஊரின் பெண்களையும் பிள்ளைகளையும் காத்து நின்றவன் போய்விட்டான், இனி எங்களைக் கப்பலில் ஏற்றுவார்கள், என் பிள்ளை யாரோ ஒரு கொடிய எசமானுக்கு உழைத்துச் சாகும் என்பது அவளுடைய அழுகையின் சாரம். வேவு பார்ப்பவன், சரக்கு எண்ணுபவன், அடிமைத்தனம் வராமல் காப்பவன் மூவருக்கும் ஒரே சொல்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் பேரரசாக வளர்ந்தபோது, தனக்குக் கீழே இருந்த ‘நட்பு’ நகரங்களுக்கு அதிகாரிகளை அனுப்பியது. அவர்களுக்கும் எபிஸ்கொப்பொஸ் என்றுதான் பெயர். எரித்ரை என்ற நகரத்தில் ஆட்சிமன்றம் அமைப்பதை இவர்கள்தான் மேற்பார்க்க வேண்டும் என்று ஒரு கல்வெட்டு ஆணை சொல்கிறது. மக்கள் இவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 414-ல் அரங்கேற்றிய ‘பறவைகள்’ நாடகம் சாட்சி. வானத்தில் புதிதாகக் கட்டிய பறவைகளின் நகரத்துக்கு, அழைக்காமலே ஓர் எபிஸ்கொப்பொஸ் வந்து இறங்குகிறார். அடித்துத் துரத்துகிறார்கள். பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். தணிக்கைக்கு வரும் அதிகாரியை அடித்துத் துரத்தும் காட்சி எந்த ஊரிலும் எடுபடும்.

இதுவரை பார்த்தது ஆளும் பக்கத்தின் சொல். அதற்கு இன்னொரு பக்கம் கிடைத்தது எகிப்தின் அலெக்சாந்திரியாவில். கி.மு. 3-ஆம், 2-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்த யூதர்கள் தங்கள் வேதத்தை எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். எபிரேயத்தில் ‘பாகாத்’ என்று ஒரு வினைச்சொல். அதற்கு ஒரே வார்த்தையில் பொருள் சொல்ல முடியாமல் அகராதிக்காரர்கள் திணறுவார்கள். கவனித்தல், நினைவுகூர்தல், போய்ப் பார்த்தல், எண்ணுதல், பொறுப்பில் அமர்த்தல், தண்டித்தல் எல்லாம் அதுவே. அதையும் அதன் குடும்பத்தையும் கிரேக்கத்தில் சொல்ல, அவர்கள் பல இடங்களில் எபிஸ்கொப்பே குடும்பத்தைத்தான் எடுத்தார்கள்.

தமிழில் நமக்கு இது புரியாத புதிர் இல்லை. ‘விசாரித்தல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போய் நலம் விசாரிக்கிறோம். காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போயும் விசாரிக்கிறார்கள். ‘உன்னை விசாரிச்சாங்க’ என்று ஒருவர் வந்து சொன்னால், யார் என்று தெரியும்வரை சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாது. சேரி இளைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாகாத் என்பதும் எபிஸ்கொப்பே என்பதும் கிட்டத்தட்ட இதுதான். பழைய மொழிபெயர்ப்பாளர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். மத்தேயு 25-ல் நோயாளியைப் போய்ப் பார்ப்பதற்கு அவர்கள் போட்ட சொல் விசாரித்தல். பிதாக்களின் அக்கிரமத்துக்குப் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பதற்கும் அதே விசாரித்தல். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் இஸ்ரவேலரைச் சுமை சுமக்க வைத்து ஒடுக்கிய எகிப்திய மேலாளர்களுக்கோ ‘விசாரணைக்காரர்’ என்று பெயர்.

இனி முக்கியமான இடம். ஆதியாகமத்தின் முடிவில் யோசேப்பு சாகும்போது, கடவுள் உங்களை நிச்சயமாக வந்து விசாரிப்பார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். யாத்திராகமம் 3-ல் மோசேயிடம், நான் அவர்களை விசாரித்தேன், எகிப்தில் அவர்களுக்குச் செய்யப்படுவதைப் பார்த்தேன் என்று கடவுள் சொல்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் பெயர்ச்சொல்லையும் வினையையும் சேர்த்து இரட்டித்து அழுத்தியிருக்கிறார்கள். எகிப்தில் விசாரணைக்காரர்கள் ஏற்கனவே இருந்தார்கள். செங்கல் எண்ணிக் கணக்கெடுத்தார்கள். அந்த மேற்பார்வைக்கு மேலே இன்னொரு பார்வை உண்டு என்பதுதான் விடுதலைப் பயணத்தின் முதல் செய்தி. அந்தப் பார்வை முதலில் விழுந்தது செங்கல் அறுத்த அடிமைகள் மேல்.

இதன் மறுபக்கத்தை ஏசாயா 10-ஆம் அதிகாரத்தில் காணலாம். ஏழைகளின் வழக்கைப் புரட்டவும், விதவைகளைக் கொள்ளையடிக்கவும் வசதியாகச் சட்டம் எழுதுகிறவர்களைப் பார்த்து தீர்க்கதரிசி கேட்கிறார்: விசாரிப்பின் நாள் வரும்போது என்ன செய்வீர்கள்? யாரிடம் ஓடுவீர்கள்? கிரேக்கத்தில் அது எபிஸ்கொப்பேயின் நாள். குற்றம் செய்தவர் திருடனோ கொலைகாரனோ இல்லை, சட்டம் இயற்றுகிறவர். நமக்குத் தெரிந்து, சட்டம் எழுதும் கையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பழைய இலக்கியங்கள் மிகக் குறைவு. எரேமியா 23-ல் இன்னும் கூர்மை. மேய்ப்பர்களே, நீங்கள் மந்தையை விசாரிக்கவில்லை, ஆகவே நான் உங்களை விசாரிப்பேன் என்று எபிரேயத்தில் ஒரே வினைச்சொல் இரண்டு முறை வந்து அறைகிறது. மொழிபெயர்க்கும்போது முதல் இடத்தில் பராமரிப்பும் இரண்டாம் இடத்தில் தண்டனையும் ஆகிவிடுவதால், அந்த அறை நம் கன்னத்தில் விழாமல் போகிறது.

எண்ணுதல் என்ற பொருளையும் தாண்டிப் போக முடியாது. யாத்திராகமம் 30-ல் மக்கள்தொகை எடுப்பதற்குக் கிரேக்கத்தில் எபிஸ்கொப்பே. எண்ணாகமம் முழுக்க எண்ணப்பட்டவர்கள் பாகாத் குடும்பத்துச் சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். எண்ணுவது ஆள்வதற்கும் உதவும், கவனிப்பதற்கும் உதவும். எண்ணாமல் விடுவது ஒன்றுக்குத்தான் உதவும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டும் எண்ணியது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல்லை அதிகம் நேசித்தவர் லூக்கா. அவருடைய நற்செய்தி தொடங்கும்போதே, ஊமையாய் இருந்து வாய் திறந்த சகரியா, கடவுள் தம் மக்களைச் சந்தித்தார் என்கிறான். நாயீன் ஊரில் ஒரு விதவையின் ஒரே மகன் பாடையிலிருந்து எழுந்தபோது ஊரார் சொன்னதும் அதே. பிறகு 19-ஆம் அதிகாரம். எருசலேமைப் பார்த்து இயேசு அழுகிறார். உன்னைத் தேடி வந்த காலத்தை நீ அறியாமல் போனாயே என்பது அந்த அழுகையின் பொருள். ‘தேடி வந்த’ என்பது 1995-ல் வந்த திருவிவிலியத்தின் நடை. பழைய பதிப்பில் ‘சந்திக்கும் காலம்’. கிரேக்கத்தில் எபிஸ்கொப்பேயின் காலம். அழுது முடித்த கையோடு அவர் கோயிலுக்குள் போய் வியாபாரிகளைத் துரத்துகிறார். ஆலயத்தில் நடந்தது திடீர்க் கோபம் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். லூக்கா வைத்த வரிசையில் படித்தால் அது ஒரு தணிக்கை. மேலே நின்று பார்க்கும் பொறுப்பில் இருந்தவர்களைப் பார்க்க ஒருவர் வந்துவிட்டார். அவர் வந்தது கழுதைக்குட்டியின் மேல்.

மத்தேயு 25-ல் இறுதித் தீர்ப்பே இந்த வினைச்சொல்லில் தொங்குகிறது. நோயாளியாய்க் கிடந்தபோது விசாரிக்க வந்தாயா, இல்லையா? அங்கே பதவி பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. யாக்கோபின் நிருபமும் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதைத்தான் மாசற்ற பக்தி என்கிறது. வினைச்சொல்லாக இருக்கும்வரை யாராவது எழுந்து நடந்து போக வேண்டும்.

பெயர்ச்சொல் பதவியாக மாறும் முதல் தடத்தை அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் பார்க்கிறோம். யூதாஸ் செத்த பிறகு, அவனுடைய கண்காணிப்பை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று பேதுரு ஒரு சங்கீதத்தைக் காட்டிப் பேசுகிறார். மூலத்தில் எபிஸ்கொப்பே. ஆக, எபிஸ்கொப்பே ஓர் அப்போஸ்தலனின் பொறுப்பாக முதன்முதலில் பேசப்படும் இடமே, காட்டிக் கொடுத்தவனிடமிருந்து அது போய்விட்டது என்று அறிவிக்கும் இடம். பதவி நிரந்தரம் என்று பேசும் பெருமக்கள் இந்த வசனத்தை மேடையில் எடுப்பதில்லை. அதன் பிறகு அப்போஸ்தலர் 20-லும் பிலிப்பியர் நிருபத்திலும் கண்காணிகள் பன்மையில் வருகிறார்கள். எபேசுவிலிருந்து பவுல் கூப்பிட்டது மூப்பர்களை, அழைத்தது கண்காணிகள் என்று. இரண்டும் முதலில் ஒன்றுதான் என்று 4-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஜெரோமே எழுதியிருக்கிறார்.

ஏறத்தாழ கி.பி. 96-ல் ரோம் சபையிலிருந்து கொரிந்து சபைக்கு ஒரு கடிதம் போகிறது. கிளெமெந்துவின் முதல் கடிதம் என்பார்கள். கொரிந்துவில் மூப்பர்கள் சிலரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பது விவகாரம். இளையவர்கள் மூத்தவர்களுக்கு எதிராக எழுந்தார்கள் என்று கடிதம் குறைப்படுகிறது. கொரிந்து இளைஞர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது நம் கைக்கு வரவில்லை, வழக்கம்போல. இந்தக் கடிதத்தில் ஏசாயா 60-ஆம் அதிகாரத்தின் ஒரு வசனம் சான்றாக வருகிறது. மூலத்தில் அது ஒரு கனவு: இனிமேல் உன்னை வேலை வாங்கும் தண்டற்காரர்கள் நீதியாக இருப்பார்கள் என்பது. அங்கே எபிரேயத்தில் இருப்பது எகிப்தின் ஆளோட்டிகளுக்குச் சொன்ன அதே சொல். கிரேக்க மொழிபெயர்ப்பில் அவர்கள் எபிஸ்கொப்பொஸ்கள் ஆகியிருந்தார்கள். கிளெமெந்துவின் கடிதத்திலோ வசனம் மாறி, கண்காணிகளையும் உதவிக்காரர்களையும் நியமிப்பதாகவே கடவுள் சொல்லிவிட்டதுபோல் நிற்கிறது. ஆளோட்டி நீதிமான் ஆக வேண்டும் என்ற அடிமையின் ஏக்கம், கண்காணிப் பதவிக்கு அத்தாட்சிப் பத்திரமாகிவிட்டது. நமக்கு இந்த இடம் வலிக்கிறது.

அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அந்தியோகியாவின் இக்னாத்தியுஸ் வருகிறார். ஒரு சபைக்கு ஒரே கண்காணி, அவர் இல்லாமல் ஞானஸ்நானமும் இல்லை, அன்பின் விருந்தும் இல்லை என்று எழுதுகிறார். சிமிர்னாவின் கண்காணி பொலிக்கார்ப்புக்கு அவர் எழுதிய கடிதத்தின் வாழ்த்து வரி அழகானது. கண்காணியாகிய உமக்கு, என்று தொடங்கி, கடவுளால் கண்காணிக்கப்படுகிற உமக்கு என்று தன்னையே திருத்திக்கொள்கிறார். அந்தக் கருத்திலேயே நின்றிருக்கலாம். அதே கடிதத்தின் நாலாம் அதிகாரத்தில், அடிமைகளை இகழ வேண்டாம், ஆனால் சபைப் பணத்தில் தங்களை மீட்கும்படி அவர்கள் ஆசைப்படவும் வேண்டாம் என்கிறார். விடுதலை கேட்டுச் சபையின் வாசலுக்கு வந்த அடிமைகள் இருந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. யாரும் கேட்காத ஒன்றை வேண்டாம் என்று யாரும் எழுதமாட்டார்கள்.

கிறிஸ்துவைக் கண்காணி என்று சொல்லும் 1 பேதுரு 2-ஆம் அதிகாரத்தையும் நாம் மழுப்பக் கூடாது. அந்தப் பகுதி யாருக்குச் சொல்லப்படுகிறது? வீட்டு அடிமைகளுக்கு. நல்ல எசமானுக்கு மட்டுமல்ல, கொடிய எசமானுக்கும் கீழ்ப்படியுங்கள், அநியாயமாக அடி விழுந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று போய், அதன் முடிவில்தான் உங்கள் ஆத்துமாவின் மேய்ப்பர், கண்காணி என்று வருகிறது. அமெரிக்காவின் அடிமை எசமான்கள் இந்தப் பகுதியை விரும்பிப் பிரசங்கித்ததில் வியப்பில்லை. கொடிய எசமானுக்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘கோணலானவர்’ என்பதையும், உனக்கு மேலே நிற்கும் உண்மையான கண்காணி உன்னை அடிக்கும் எசமான் இல்லை, அடிபட்ட இன்னொருவர் என்று அடிமை இதைக் கேட்டிருக்க முடியும் என்பதையும் சொல்லலாம். சொல்கிறோம். ஆனால் அந்தப் பகுதியில் எசமான்களுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இப்போது தமிழ்க் கண்காணிக்கு வருவோம். இந்தச் சொல் தேயிலைக்கு முந்தியது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேஸ்வரக் கண்காணி’ வருகிறது, அறக்கட்டளை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு. ஆகவே மொழிபெயர்ப்பாளர்களுக்கு மரியாதையான பழஞ்சொல் ஒன்று கையில் இருந்தது. ஆனால் 1871 என்ற ஆண்டைக் கவனியுங்கள். 1830-கள் முதல் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் போய்க்கொண்டிருந்த காலம். போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். பெரிய கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேல்சாதியினர். வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் கங்காணிக்குக் காசு. தோட்டம் மாறினால் ‘துண்டு’ என்ற ஒரு சீட்டு: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டிவிட்டு ஆள்களை எடுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் கடனோடு சேர்த்துக் கைமாறினார்கள். 1921-ல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. மலாயாவுக்குக் கங்காணி வழியாக ஆள் போவது 1938-ல் நின்றது. சில்லறைக் கங்காணிகளில் அதே சாதி, அதே உறவில் வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களில் சிலர் துரையிடம் நம் ஆள்களுக்காகப் பேசியும் இருப்பார்கள். ஹோமர் காலத்துச் சொல்லின் மூன்று முகமும், வேவும் சரக்குக் கணக்கும் காவலும், மலையகத்தின் ஒரு லயத்து வாசலில் ஒன்றாக நின்றன.

சபைகள் பிறகு இந்தச் சொல்லைப் பதவிப் பெயராக வைத்துக்கொள்ளவில்லை. அத்தியட்சர், மேற்றிராணியார், ஆயர், பேராயர் என்று பெயர்கள் உயர்ந்துகொண்டே போயின. வேதாகமத்தில் கண்காணி, சபைத் தாளில் பேராயர்.

அந்தப் பதவியில் இருந்த ஒருவர் வினைச்சொல்லின் பக்கம் வந்த வரலாறும் உண்டு, அதுவும் நம் மண்ணில். தஞ்சை, திருச்சி, வேப்பேரிச் சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின் கீழே தனித்தனியாக உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை இருந்தது. பழைய மிஷனரிகள் இதை ஊர் வழக்கம் என்று விட்டுவைத்தார்கள். தஞ்சையின் பெரும் புலவர் வேதநாயக சாஸ்திரியார் இந்த வழக்கத்துக்காக வாதாடினார். அப்போது சென்னை மாகாணமும் கல்கத்தா பிஷப்பின் கீழேதான் இருந்தது. பிஷப் ஹீபர் மேற்பார்வைப் பயணத்தில் இந்தச் சாதி விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்தபோதே 1826 ஏப்ரலில் திருச்சியில் இறந்தார். பின்னால் அந்தப் பதவிக்கு வந்த டேனியல் வில்சன் 1833 ஜூலை 5-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, முற்றாக, இறுதியாக விடப்பட வேண்டும் என்பது அதன் உத்தரவு. வெள்ளாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். 1835-ன் தொடக்கத்தில் வில்சனே தஞ்சைக்கு நேரில் வந்தார்.

இதைப் புகழ்ந்து மட்டும் முடித்துக்கொள்ள நமக்கு மனமில்லை. வில்சன் கம்பெனி ஆட்சியின் பிஷப், உத்தரவு மேலிருந்து வந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பது அந்தத் தாள்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். கண்காணிப்பு ஏழையை நோக்கி இருந்தவரை வெள்ளாளர் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது தங்கள் பக்கம் திரும்பியபோதுதான் கோயிலை விட்டுப் போனார்கள். 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் இளக்கமாக இருந்தது. பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். விசாரிக்காத கண்காணியைத் தேடிக்கொண்டார்கள்.

நம் காலத்தில் 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும், தலைமையில் தலித் மக்களின் பங்கு மிகக் குறைவு என்றும் அது ஒப்புக்கொண்டது. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஐதராபாத்தின் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டது 2022-ல். தென்னிந்தியத் திருச்சபையில் 1990-களில் சென்னைப் பேராயராக இருந்த எம். அசரியா, அந்த நாற்காலியிலிருந்தே தலித் உரிமை பேசினார். இந்தப் பெயர்களை விரல் விட்டு எண்ண முடிகிறது என்பதே நிலைமை. ‘தகுதி பார்த்துத்தான் நியமிக்கிறோம், சாதி பார்த்து அல்ல’ என்று நம் தோழர்களுக்குப் பதில் சொல்லப்படுகிறது. அப்படிப் பதில் சொல்பவர்களுக்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுங்கள்.

எருசலேம் சபை வளர்ந்துகொண்டிருக்கிறது. கிரேக்கம் பேசும் யூதர்களிடமிருந்து ஒரு முறுமுறுப்பு எழுகிறது: அன்றாடச் சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள். ‘விட்டுவிடுகிறார்கள்’ என்பதற்குக் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப் பொருள், பார்த்தும் பார்க்காமல் கடந்து போவது. கண் அவர்களைத் தாண்டிப் போகிறது. நம் ஊர்ப் பந்திகளில் இது எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். அப்போஸ்தலர்கள் புகாரை மறுக்கவில்லை. ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள் என்று வாயை அடைக்கவும் இல்லை. சபை முழுவதையும் கூட்டி, உங்களிலிருந்து ஏழு பேரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பந்தியை அவர்கள் பொறுப்பில் விடுகிறோம் என்றார்கள். ‘பார்த்துத் தேர்ந்தெடுங்கள்’ என்ற இடத்தில் லூக்கா எழுதிய வினைச்சொல் எபிஸ்கெப்தொமாய்தான். விதவைகளைத் தாண்டிப் போன கண்ணுக்கு மருந்தாக, பார்க்கும் வேலை மேலே இருந்த பன்னிருவரிடமிருந்து கீழே உட்கார்ந்திருந்த கூட்டத்தின் கைக்குப் போகிறது. கூட்டம் தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களையும் லூக்கா எழுதி வைத்திருக்கிறார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் பிறப்பால் யூதர்கூட இல்லை, அந்தியோகியாவிலிருந்து மதம் மாறி வந்தவர்.